எல்லாத் தோலிலும் ஒரே வட்டம்

ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தோல் கம்பெனியில் சம்பத் போடும் சாக்பீஸ் வட்டத்துக்கு அப்பீல் கிடையாது. சாயம் ஏறி, பாலிஷ் ஏறி வரும் ஆட்டுத் தோலை, ஸ்ப்ரே ரூம் புகை லேசாக வந்து சேரும் ஜன்னல் ஓர மேஜையில் விரிப்பான். கீறல், ஓட்டை, நிறம் மங்கல் என்று எது கண்ணில் பட்டாலும் அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் விழுந்த தோல் ஷூவுக்குப் போகாது, கழிவுக் கட்டுக்குப் போகும். முதலாளியே வந்து நின்றாலும் வட்டத்தை அழிக்க மாட்டார். சம்பத் மேல் இருக்கும் மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். அழித்த தோல் வெளிநாடு போய்த் திரும்பி வந்தால் யார் அழித்தது என்ற கேள்வி வரும். அழிக்காமல் விட்டால் எந்தக் கேள்வியும் வராது.

அந்த வாரம் ஓடியது லேடீஸ் ஷூவுக்கான சிவப்புத் தோல். ஒரு நாள் மத்தியானம் சூப்பர்வைசர் ஜியாவுதீன் பாய் வந்து கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இன்னா சம்பத்து இது? எல்லாத்துலயும் ஒரே எடத்துல வட்டம் போட்டு வெச்சிருக்க?"

"நடுவுல மங்கிப் போயிருக்குது பாய். சிவப்பு செத்துப்போய் செங்கல் மாதிரி இருக்குது."

"எல்லா ஆட்டுக்கும் முதுகுல ஒரே எடத்துலயா? சாவறதுக்கு முன்னாடி எல்லாம் ஒண்ணா உக்காந்து பேசி வெச்சுனு வந்துச்சா?"

சம்பத்துக்கு ரோஷம் வந்தது. தோலை எடுத்து, தலைப்பக்கம் தன்னைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டான். நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த சாக்பீஸ் வட்டம் அந்தப் பக்கம் போனது. மங்கல் போகவில்லை. அவன் பார்த்த இடத்திலேயே நின்றது. அவன் தலையைத் தூக்கிச் சுவரில் தொங்கிய தீயணைப்பு வாளியைப் பார்த்தான். வாளியின் நடுவில் செங்கல் நிறம். பாயின் மருதாணி போட்ட தாடியைப் பார்த்தான். தாடியின் நடுவிலும் அதே.

வலது கண்ணை மூடிப் பார்த்தான். மங்கல் ஜாஸ்தியானது. இடது கண்ணை மூடினான். தாடி சரியாக இருந்தது.

"பாய், தோல்ல ஒண்ணுமில்ல. என் எடது கண்ணுல இருக்குது."

ஜியாவுதீன் முதலில் சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகுதான் சம்பத்தைப் பார்த்தார். "மெதுவா பேசுய்யா. தோல் பாக்கறவனுக்குக் கண்ணுல கோளாறுன்னு தெரிஞ்சா கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சிருவானுங்க. நாளைக்கே போய் டாக்டராண்ட காமி. யாராவது கேட்டா வயித்துப் போக்குன்னு நான் சொல்லிக்கறேன்."

அன்றைக்கு வீட்டுக்குத் தக்காளி வாங்கிப் போனான். சுந்தரி பையைக் கொட்டிப் பார்த்தாள். அவள் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"ஏங்க, குழம்புக்குத் தக்காளி கேட்டா பாதி காயா வாங்கினு வந்திருக்கீங்க? உங்க மூஞ்சியப் பாத்ததும் இளிச்சவாயன்னு தள்ளி வுட்டானா?"

கடைக்காரன் தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றாக அவனே பொறுக்கியதுதான். அதைச் சொன்னான். பிறகு வாளியையும் தாடியையும் சொன்னான். சுந்தரி அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு கண்ணு?"

"அது நல்லா இருக்குது."

"அப்ப அதுக்கு வர்றதுக்கு முன்னாடி போலாம், கெளம்புங்க. கண்ணு இல்லன்னா உங்களுக்கு வேற எந்த வேல தெரியும்? என்னக் கூட ஒழுங்காத் திட்டத் தெரியாது."

வேலூர் ஹைவே ஓரத்தில் நிர்மல நேத்திரம் கண் மகாநிலையம் என்று ஒன்று. மாடி மேல் மாடி வைத்துக் கட்டிய கண்ணாடிக் கட்டடம். வெயிலில் அதைப் பார்த்தால் நல்ல கண்ணும் கூசும். வாசலில் நுழைந்ததும் கையில் ஒரு கயிறு கட்டுவார்கள். கயிற்றின் நிறம்தான் நோயாளியின் விலாசம். சிவப்புக் கயிறு கட்டினால் இரண்டாம் மாடி, காவிக் கயிறு கட்டினால் நாலாம் மாடி. எதிலும் எழுத்தோ எண்ணோ கிடையாது. படிக்கத் தெரியாத ஏழைகளுக்கும் புரிய வேண்டும் என்று வெளிநாடு போய் வந்து செய்த ஏற்பாடாம்.

சம்பத்துக்குக் கட்டியது சிவப்புக் கயிறு. அவன் நேராக நாலாம் மாடிக்குப் போனான். சுந்தரி கழிப்பறைக்குப் போயிருந்த நேரம்.

"யோவ், சிவப்புக் கயிறு கட்டினு இங்க வர்ற? கண்ணு தெரியல?" என்றான் செக்யூரிட்டி.

"தெரியலன்னுதாம்பா வந்திருக்கேன்."

"கண்ணு தெரியாதவங்களுக்குத் தரைத்தளம். எறங்கு."

இரண்டாம் மாடியில் எல்லோர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மணி அடித்தது. எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். சுவரில் பெரிய பலகை. அதில் எழுதியிருக்கும் 'பார்வை உறுதிமொழி'யை நோயாளிகள் உரக்கப் படிக்க வேண்டும். மருந்து விட்ட கண்ணுக்குப் பலகையே வெள்ளைப் பூசணிக்காய் மாதிரித்தான் தெரியும். ஆகவே நர்சு ஒருத்தி மைக்கில் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். "நான் தெளிவாகப் பார்ப்பேன். என் மருத்துவரை நம்புவேன். மருத்துவர் பார்க்காததை நான் பார்க்க மாட்டேன்."

"இன்னாங்க இது, கோயிலா, ஆஸ்பத்திரியா?" என்றாள் சுந்தரி.

"சும்மா சொல்லு. சொல்லலன்னா கூப்புட மாட்டான் போல."

முதலில் கண்ணின் முன்பக்கத்தைப் பார்க்கிற பிரிவு. ஒரு டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "எங்க ஏரியா கிளியர்" என்றார். அடுத்தது லென்ஸ் பிரிவு. அங்கேயும் கிளியர். அதற்கு அடுத்தது உள்திரைப் பிரிவு. படம் எடுத்தார்கள். படம் அவ்வளவு சுத்தமாக வந்ததில் அந்த டாக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பக்கத்து ரூம் டாக்டரைக் கூப்பிட்டுக் காண்பித்தார். இருவரும் சேர்ந்து ரசித்தார்கள்.

"சார், நடுவுல சிவப்பு மங்குது," என்றான் சம்பத்.

"படத்துல இல்லையே."

"படத்துல இல்ல சார். எனக்குத் தெரியுது."

"உங்களுக்குத் தெரியறது எங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல. எங்களுக்குத் தெரியறத நீங்க ஏத்துக்கணும். அதுக்குத்தானே காலைல உறுதிமொழி எடுத்தீங்க?"

சம்பத்துக்கு இது பழகிய விஷயம்தான். கம்பெனியில் ஒரு தோலில் கறை விழுந்தால் ஊற வைக்கிற செக்‌ஷன், சாயம் போடுகிற செக்‌ஷன்தான் காரணம் என்று சொல்லும். சாயக்காரன் காய வைக்கிறவனைக் காட்டுவான். எல்லா செக்‌ஷனும் சுத்தம், கறை மட்டும் தோலில் இருக்கும். ஆனால் அங்கே கறை இருப்பதையாவது ஒத்துக்கொள்வார்கள். இங்கே அதுவும் இல்லை.

எழுத்துப் பலகைக்குக் கூட்டிப் போனார்கள். கடைசி வரி வரை படித்துவிட்டான். நடு எழுத்துகள் மேல் கொஞ்சம் அழுக்குப் படிந்த மாதிரி இருக்கிறது என்றான்.

"படிச்சீங்களா, இல்லையா?"

"படிச்சேன். ஆனா..."

"'ஆனா'ன்னு எழுதறதுக்குக் கம்ப்யூட்டர்ல எடம் இல்ல சார்."

எல்லாம் முடிந்து கிறிஸ்டினா என்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள். டாக்டர்கள் சொன்னதை நோயாளிக்குப் புரிய வைப்பது அவள் உத்தியோகம். நல்ல பெண். தண்ணீர் கொடுத்தாள். சுந்தரி தக்காளிக் கதையை அவளிடம் முழுசாகச் சொன்னாள். கிறிஸ்டினா தலையாட்டிக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் தட்டினாள். காகிதம் ஒன்று வந்தது. அதில், 'தக்காளி சேர்த்துக்கொள்ளவும்' என்று இருந்தது.

"அம்மாடி, சேத்துக்கறதுக்கு முன்னாடி அது பழமா காயான்னு தெரியணுமில்ல? கலர் தெரியுதான்னு பாக்கறதுக்கு இங்க ஒண்ணுமில்லையா?"

"கலர் டெஸ்ட் இருக்கும்மா. ஆனா அது டிரைவருங்களுக்கும் ரயில்வேகாரங்களுக்கும் மட்டும்தான். சார் ரயில் ஓட்டறாரா?"

"தோல்ல கலர் சரியா ஏறியிருக்குதான்னு பாக்கறேன்மா," என்றான் சம்பத்.

அவள் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினாள். "அந்த வேலை இதுல வரல சார்." அவளுக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "எதுக்குக் கவலப்படறீங்க? இரண்டு கண்ணும் நார்மல்னு போட்டிருக்காங்க. எவ்வளவு பேரு இது கெடைக்காம அழறாங்க தெரியுமா?"

திரும்பும்போது பஸ்ஸில் சம்பத் வலது கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டே வந்தான். முன்னால் போன பஸ்ஸின் ஸ்டாப் விளக்கு, முன் சீட்டுப் பெண்ணின் குங்குமம், சாலையோர போஸ்டர். ஒன்றிலும் சிவப்பு இல்லை. நார்மலாக இருந்தது அவன் கையில் இருந்த காகிதம் மட்டும்தான்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி கம்பெனியில் எப்படியோ கசிந்துவிட்டது. குவாலிட்டி மேனேஜர் ஹேமந்த் கூப்பிட்டு அனுப்பினார். டை கட்டின இளைஞர். தோல் வாசனை ஒத்துக்கொள்ளாது என்று எப்போதும் ஏசி ரூமில் இருப்பவர். சம்பத் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான். வேலை போனால் போகட்டும், நல்ல தோலைக் கழித்த பாவம் வேண்டாம் என்று நினைத்தான்.

"சார், அந்த வட்டமெல்லாம் தப்பு சார். தோல் நல்லா இருக்குது. என் கண்ணுலதான் மங்கல்."

ஹேமந்த் ஆஸ்பத்திரிக் காகிதத்தை வாங்கிப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இரண்டு கண்ணும் நார்மல்னு போட்டிருக்கே. உங்க கண்ணுல மங்கல் இல்ல. ஆனா மங்கல் தெரியுது. அப்படின்னா அது எங்க இருக்கு?"

"கண்ணுல சார்."

"தோல்ல இருக்கு சம்பத்! எங்க யாருக்கும் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

மறுநாளே மீட்டிங். சிவப்புத் தோல் கட்டை மேஜை மேல் வைத்து ஹேமந்த் பேசினார். "ஏழுமாடி ஆஸ்பத்திரி சர்டிபிகேட் கொடுத்த கண்ணு இது. சம்பத்தோட கண்ணைச் சந்தேகப்படறது சயின்ஸையே சந்தேகப்படற மாதிரி. நான் அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன். நான் தோலைப் பார்க்கல, ரிப்போர்ட்டைப் பார்த்தேன். அதுதான் குவாலிட்டி." அந்தக் குறைக்கு 'சென்டர் ஃபேட்' என்று பெயரும் வைத்தார். பெயர் வந்த பிறகு மற்ற தோல் பார்க்கிறவர்களுக்கும் அது தெரிய ஆரம்பித்தது. தெரியவில்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களே. சாயம் சப்ளை செய்கிற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அவர் முழித்த முழியிலேயே தெரிந்தது. ஆனால் வாடிக்கைக்காரனிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

"லேசா இருக்கு சார். ரொம்ப லேசா. மன்னிச்சுக்குங்க, சாயத்த மாத்திக் குடுக்கறோம்."

ஜியாவுதீன் மட்டும் மீட்டிங் முடிந்ததும் சம்பத்தை ஓரமாக இழுத்தார். "எனக்கு ஒரு மண்ணும் தெரியலய்யா. எனக்குத்தான் கண்ணு போச்சா?"

"உனக்கு ஒண்ணுமில்ல பாய். இவங்களுக்குத்தான் பைத்தியம் புடிச்சிருக்குது."

கண்டுபிடிப்புக்குப் பரிசாகச் சம்பத்தின் மேஜையை இடம் மாற்றினார்கள். குறையை உண்டாகிற இடத்திலேயே பிடித்துவிட வேண்டுமாம். ஜன்னல் ஓரத்திலிருந்து தூக்கி, ஸ்ப்ரே ரூம் வாசலிலேயே போட்டார்கள். உள்ளே தின்னர் கலந்து அடிக்கிற சாயம் நாள் முழுக்க அவன் முகத்துக்கு நேராகப் புகைந்தது. சாயந்திரம் வீடு போனால் சோற்றிலும் தின்னர் வாசனை அடித்தது. கொஞ்ச நாளில் மங்கல் கறுத்தது. பிறகு ஒரு காலை, இடது கண்ணை மூடிக்கொண்டு சுந்தரியைப் பார்த்தான். அவள் நெற்றிப் பொட்டு செங்கல் நிறத்தில் இருந்தது.

"சிவப்புப் பொட்டு வெக்கலியா இன்னைக்கு?"

சுந்தரி கையால் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அவன் சட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

மகாநிலையத்தில் மறுபடி கயிறு, சொட்டு மருந்து, உறுதிமொழி. எல்லா ஏரியாவும் கிளியர். இந்த முறை சுந்தரி கத்திவிட்டாள். "ஒரு கண்ணுல இருந்தது ரெண்டு கண்ணுக்கும் வந்துட்டுது, எவனாவது ஒருத்தன் அந்த மனுசன் சொல்றத கேளுங்கடா!" கூட்டம் திரும்பிப் பார்த்தது. கிறிஸ்டினா ஓடி வந்து இருவரையும் அழைத்துப்போய் உட்கார வைத்தாள். அவள் முகத்தில் ஒரு நல்ல செய்தி சொல்கிற சிரிப்பு.

"உங்களுக்குத் தெரியாதா? உங்க கம்பெனிலேருந்து எங்களுக்கு மெயில் வந்திருக்கு. குறை தோல்லதான் இருந்ததுன்னு கண்டுபிடிச்சிட்டாங்களாம். சாயத்தையே மாத்திட்டாங்களாம். சார் கண்ணு சூப்பர்னு பாராட்டி எழுதியிருக்காங்க."

"நீங்க நல்ல கண்ணுன்னு சொன்னதால அவங்க தோல் கெட்டதுன்னாங்கம்மா," என்றான் சம்பத்.

"ஆமா சார். அவங்க தோல் கெட்டதுன்னு சொன்னதால இப்ப உங்க கண்ணு நல்லதுன்னு உறுதியாயிடுச்சு."

சம்பத் சுந்தரியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

டைரக்டர் டாக்டர் சூரியபிரகாஷின் காதுக்கு அந்த மெயில் போயிருந்தது. மகாநிலையத்துக்குப் புதிதாக ஒரு ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. அதன் திறப்பு விழாவில் சம்பத்துக்குச் சால்வை போட்டு, அவன் கையாலேயே ரிப்பன் வெட்ட வைப்பது என்று முடிவானது. வர மாட்டேன் என்றான் சம்பத். சுந்தரிதான் சொன்னாள்: "வாங்க போலாம். பெரிய டாக்டரு பக்கத்துல நிக்கறப்ப அவரு காதுலயே சொல்லிருவோம்."

மேடையில் பெரிய டாக்டர் பேசினார். "இந்த நிலையத்தில் நாங்கள் நோயாளி சொல்வதைக் கேட்பதில்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். நோயாளி பயப்படுவார், மறப்பார், மிகைப்படுத்துவார். மெஷின் பயப்படாது. இதோ, இந்தத் தொழிலாளி தன் கண்ணையே சந்தேகப்பட்டார். நாங்கள் சந்தேகப்படவில்லை. இவருடைய பார்வை மீது இவரை விட எங்களுக்கு நம்பிக்கை அதிகம்!"

கைதட்டல் வந்தது. சம்பத் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். ரிப்பன் எதிரில் இருந்ததாம். அவன் நேராக நீட்டி வெட்டினான். காற்றை வெட்டினான். இன்னொரு முறை வெட்டினான். மெஷினுக்குப் போட்டிருந்த சாமந்தி மாலை அறுந்து டாக்டரின் ஷூ மேல் விழுந்தது. போட்டோக்காரர் மறுபடி செய்யச் சொன்னார். கூட்டம் சிரித்தது. டாக்டரும் சிரித்து, அவன் கையைத் தன் கையால் பிடித்து ரிப்பனை வெட்ட வைத்தார். அப்போது சம்பத் அவர் காதில், "சார், எனக்கு நடுவுல ஒண்ணுமே தெரியல சார்" என்றான். டாக்டர் மைக்கில், "தனக்கே முதல் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேட்கிறார்!" என்றார்.

எடுத்தார்கள். பெரிய திரையில் கண் வந்தது. ஆபரேட்டர் ஏதோ சொல்ல, சூரியபிரகாஷ் கிட்டே போய்ப் பார்த்தார். இன்னொரு கண்ணையும் எடுக்கச் சொன்னார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நண்பர்களே, நம் மெஷின் தன் முதல் நோயைக் கண்டுபிடித்துவிட்டது." முன்பு தட்டியதை விட இப்போது அதிகம் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று புரியாமல் சுந்தரியும் கொஞ்சம் தட்டிவிட்டாள். பிறகு கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

விழா முடிந்ததும் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார் பெரிய டாக்டர். சம்பத் தோளில் சால்வை இன்னும் இருந்தது.

"கண்ணுலேருந்து மூளைக்குப் போற நரம்பு வெளுத்துப் போயிருக்கு. இரண்டு பக்கமும். நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

"தோல் கம்பெனி சார்," என்றான் சம்பத். "இப்ப அதுக்குத்தான் சால்வை போட்டீங்க."

"ஆமா, ஆமா. தின்னர் புகை கிட்ட இருக்குமா?"

"அதுக்கு முன்னாலயேதான் உக்கார வெச்சிருக்காங்க."

"அதேதான்." கண்டுபிடித்துவிட்ட திருப்தி டாக்டரின் குரலில் இருந்தது. "இந்த நோயில முதல்ல சிவப்புத்தான் போகும். ஆரம்பத்துல எந்த மெஷின்லயும் தெரியாது. பாடப் புஸ்தகத்துலயே இருக்கு. கலர் டெஸ்ட் பண்ணணும், நோயாளி என்ன சொல்றாருன்னு கவனமாக் கேக்கணும். அப்பவே பிடிச்சு, அந்தப் புகையிலேருந்து நகர்த்தி மருந்து குடுத்தா பார்வை திரும்பிடும். நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னோமே சாமி," என்றாள் சுந்தரி. "ஒவ்வொரு மாடியா ஏறிச் சொன்னோமே."

டாக்டர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "இங்க அப்படி எதுவும் இல்லையே. நார்மல்னுதான் இருக்கு."

"இப்ப இன்னா பண்றது?" என்றாள் அவள்.

"இப்ப நரம்பே காஞ்சிடுச்சும்மா. போனது வராது. வேலையை விடச் சொல்லுங்க. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்த முடியுதான்னு பார்க்கலாம். இவ்வளவு லேட்டா வந்தா நாங்க என்ன செய்ய முடியும்?" அவர் சம்பத்தைப் பார்த்தார். சம்பத் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க நல்லதுக்குத்தான் பேசிட்டிருக்கேன். நீங்க பாட்டுக்கு எங்கயோ பார்த்தா எப்படி? நேரா என் மூஞ்சியப் பாருங்க."

"நேராப் பாத்தா உங்களுக்கு மூஞ்சியே இல்ல சார்," என்றான் சம்பத். "இப்படித் திரும்புனாத்தான் ஓரத்துல கொஞ்சம் தெரியுறீங்க. பேசுங்க, கேட்டுனுதான் இருக்கேன்."